வாய் பார்க்கும் வேலை

ஹோபார்ட்டுக்கு வெளியே, ஆற்றைப் பார்த்த சரிவில்
எங்கள் சின்ன மிருகக்காட்சிசாலை.
ஜூலைக் குளிர். வொம்பாட் கொட்டகைக்கு முன்னால்
லாரியின் பின்பலகையை இறக்கினால் அதுதான் மேடை.
டிக்கெட் நாற்பது டாலர், சூப் இலவசம்,
சிரிப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று
க்வெண்டா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

வசூல் முழுக்கப் பிசாசுகளுக்கு.
குட்டி நாய் அளவு, கறுப்பு, மார்பில் ஒரு வெள்ளைக் கோடு.
பிசாசு என்று பேர் வைத்தவன்
இருட்டில் சத்தத்தை மட்டும் கேட்டிருப்பான்.
முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.
முகத்தில்தான் இப்போது எல்லாமே.

காட்டில் ஒன்று இன்னொன்றின் கன்னத்தைக் கடிக்கும்,
இரைக்கும் கடிக்கும், காதலுக்கும் கடிக்கும்;
கடித்த வாய்க்கும் கடிபட்ட கன்னத்துக்கும் இடையே
புற்று குடிபெயரும்.
கட்டி வளர்ந்து வாயை அடைக்க, பசியில் சாகும்.
வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பதெல்லாம்
மனிதர்களுக்குச் சொன்னது.
இதுகளுக்கு வாய்விட்டால்தான் நோய்.
வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவை
இன்னும் நோய் தொடாதவை. அதனால்தான் வேலி.
அதனால்தான் சூப்.

எட்டு மணிக்கு கிட் ஃபசாகர்லி மேடையேறினார்,
இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வந்த அலுப்போடு.
படகு விற்ற கதை சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.
மாமனார் கதைக்கு முன்வரிசையில் யாரோ மூக்குச் சிந்தினார்கள்.
பல் டாக்டர் கதையின் முடிவு
அவருக்கே மறந்துபோனது.
சூப் ஆறுவது கேட்கும், அப்படி ஒரு அமைதி.

நான் அந்த நேரம் பார்த்து
வல்லபித் தொடை ஒன்றை வேலிக்குள் போட்டேன்.
பதினாலாம் நம்பரும் அதன் தங்கையும்
ஆளுக்கொரு முனையைக் கவ்வின.
துருப்பிடித்த கதவை உயிரோடு அறுத்ததுபோல்
ஓர் அலறல்.

கிட் இருட்டைப் பார்த்துத் திரும்பினார்.
"சரி, ஒருத்தராவது கேட்டுக்கிட்டிருக்கீங்க."
அலறல்.
"உங்களுக்கும் நாற்பது டாலரா?"
நீளமான அலறல்.
"பணம் திரும்பக் கிடைக்காது."
அதற்கு வந்தது பாருங்கள் ஒரு சத்தம்,
நூற்று எழுபது பேரும் வெடித்தார்கள்.

நான் வேலியோரம் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.
நிஜமாகவே வாய் பார்த்துக்கொண்டு.
தினமும் காலையில் கோணிப்பைக்குள் கைவிட்டு
உதட்டை விலக்கி ஈறு தடவும் கை இது.
மேடை வெளிச்சத்தில் திறந்த வாய்கள் வரிசையாய்:
கம்பி போட்ட ஒரு பையன், தங்கப் பல் ஒன்று,
மீன்கடை டோரீனுக்குக் கடைவாயில் சொத்தை.
கட்டி இல்லை. சுத்தம்.
அடுத்தது சுத்தம்.
பாதிரியாரின் பல்செட் கழன்று ஆடியது, அதுவும் சுத்தம்.
கடைசி வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து
கையிலிருந்த பீர் டப்பாவை நசுக்கினார்.
அதன்மேல் வரிவரியாய் ஒரு மிருகம், வாய் பிளந்து.
இந்த ஊர்தான் அதற்கும்.
இப்போது டப்பாவில் மட்டும் குடியிருப்பு.
பழக்க தோஷம், அந்த வாயையும் பார்த்தேன்.

வாளியை எண்ணினோம். ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு டாலர்,
ஒரு சட்டைப் பொத்தான்.
"எத்தனை மீட்டர் வரும்?" என்றாள் க்வெண்டா.
"கம்பத்தோடயா, கம்பம் இல்லாமயா?"

கிட் கார்க் கதவைத் திறந்தபடி கேட்டார்,
நான் சொன்னதில் எதுக்குங்க அது சிரிச்சுது?
சிரிக்கலை, 'இது என் எலும்பு'ன்னு சொல்லிச்சு என்றேன்.
பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து
அதை எழுதிக்கொண்டார்.

காலையில் கோணிக்குள் பதினாலாம் நம்பர்.
கன்னத்தில் தங்கையின் பல்தடம், சிவப்பாய், ஆழமில்லாமல்.
படகு விற்ற கதையை அதற்குச் சொல்லிப் பார்த்தேன்.
கொட்டாவி விட்டது.
நல்ல பெரிய கொட்டாவி,
கடைசிப் பல் வரைக்கும் தெரிந்தது.